தோழிக்கு என்ன வேலை?

பரதநாட்டிய மேடையில் பதம் ஆடும்போது ஒரு கணம் வரும். நாயகி சற்றே பக்கவாட்டில் திரும்பி, தன் கண்ணுக்கு நேரான உயரத்தில் ஓரிடத்தைப் பார்த்து, சகி என்று விளித்துத் தன் மனக்குறையைச் சொல்லத் தொடங்குவாள். அந்த இடத்தில் யாரும் இல்லை. ஆடுகிறவர் தேர்ந்தவர் என்றால் ஆளில்லாத அந்த இடத்துக்கு முகம் வந்துவிடும். சகி சிரித்ததும் முகம் சுளித்ததும் நாயகியின் கண்ணிலேயே தெரியும். அவள் என்ன சொன்னாள் என்பது மட்டும் நமக்குக் கேட்காது. சகியே தூது போய் நாயகனிடம் பேசும் பதங்களும் இருக்கின்றன. ஆனாலும் பதங்களில் மிகுதி அவளைப் பார்த்துப் பேசுபவைதான். அவள் வேலை கேட்பது.

இந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குறிஞ்சிப்பாட்டு நினைவுக்கு வரும், நேர் எதிரான காரணத்துக்காக. பத்துப்பாட்டில் ஒன்றான அதைக் கபிலர் ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடினார் என்பது மரபு. மொத்தம் 261 அடி. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆளின் பேச்சு. காதலித்தவள் தலைவி, மெலிந்து வாடுகிறவளும் அவளே. ஆனால் அவள் வாயிலிருந்து நேராக நமக்கு ஒன்றும் வருவதில்லை. பேசுகிறவள் தோழி. தமிழின் அகமரபு இதுதான் என்று அயலான் ஒருவனுக்குக் காட்டப் புகுந்த புலவர், காதலர் இருவரையும் விட்டுவிட்டு இந்த மூன்றாமவளிடம் பாட்டை ஒப்படைத்திருக்கிறார்.

ஈராயிரம் ஆண்டுகளில் 261 அடி பேசியவள் எப்படி மேடையில் ஆளில்லாத ஓரிடமாகவும், திரையில் கதாநாயகிக்குப் பக்கத்தில் புத்தகத்தை மார்போடு அணைத்து நடந்துவரும் பெண்ணாகவும் ஆனாள் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

மாதிரிப் பாத்திரங்கள் என்றால் நமக்குக் கொஞ்சம் இளக்காரம். மாமியார், கஞ்சன், வெகுளி வேலைக்காரன், நல்ல நண்பன் என்று அச்சில் வார்த்தவர்களைப் பார்த்ததும், எழுதியவனுக்குக் கற்பனை வறட்சி என்று முடிவுகட்டிவிடுகிறோம். தமிழின் மிகப் பழைய காதல் கவிதைகள் முழுக்க முழுக்க அச்சுப் பாத்திரங்களால் ஆனவை என்பதை அப்போது மறந்துவிடுகிறோம். தொல்காப்பியச் செய்யுளியல் யார் யார் பேசலாம் என்று பட்டியலே தருகிறது. மணத்துக்கு முந்திய களவில் பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி என ஆறு பேர். மணத்துக்குப் பிந்திய கற்பில் இவர்களோடு பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் சேர்ந்து பன்னிருவர். ஐந்திணைக் காதலில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது இன்னொரு விதி. பெயர் இல்லை, ஊர் இல்லை, குடும்ப வரலாறு இல்லை. பேச்சு மட்டும் உண்டு. யார், யாரிடம், எந்த நேரத்தில், யார் காதில் விழும்படி பேசுகிறார் என்பதிலிருந்தே ஒரு மனிதர் உருவாகிவர வேண்டும்.

தோழியைப் பற்றி இலக்கணம் சொல்வது இரண்டே செய்தி. அவள் செவிலியின் மகள். தலைவிக்கு உசாத்துணை, அதாவது எதையும் கலந்து பேசி முடிவெடுக்க உடன் இருப்பவள். முதற்செய்தியை வைத்துக்கொண்டு குறிஞ்சிப்பாட்டை மறுபடி படித்தால் பாட்டின் நிறமே மாறிவிடுகிறது. தோழி அங்கே செவிலியிடம் பேசுகிறாள். அப்படியென்றால் தன்னைப் பெற்றவளிடம் பேசுகிறாள். எந்தப் பெண்ணைக் காக்கும் பொறுப்பு அந்தத் தாயிடம் இருந்ததோ, அந்தப் பெண் களவில் ஈடுபட்டதற்குத் துணைநின்றவள் தாயின் சொந்த மகள். அதை அவளே வந்து சொல்கிறாள். மன்னிப்புக் கேட்கும் தொனி பாட்டில் மிகக் குறைவு. அருவியில் நீராடினோம், இன்னின்ன பூப் பறித்தோம் என்று தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரை அடுக்குகிறாள். தாவரப் பட்டியல் என்று இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ, சொல்ல வந்த சேதியைச் சொல்வதற்கு முன் தாயின் கோபம் ஆறட்டும் என்று ஒருத்தி நேரம் கடத்துவதாகவே அது கேட்கிறது. பிறகு நாய்கள் சூழ்ந்தது, அவன் வந்து அவற்றை அடக்கியது, யானை பாய்ந்தது, அவன் அம்பெய்து காத்தது. அவன் காப்பாற்றினான், உயர்ந்தவன், மணப்பதாக உறுதி சொன்னான், சொன்ன சொல் தவறாதவன். வழக்கறிஞர் ஒருவர் அடுக்கும் வரிசை இது.

இதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் அறத்தொடு நிற்பாள் என்று உரையாசிரியர்கள் வரிசை சொல்வார்கள். தோழி உண்மையை எந்தெந்த வகையில் வெளியிடலாம் என்பதற்கே தொல்காப்பியம் ஏழு வழி வகுக்கிறது. தலைவனை எளியவனாக்கிச் சொல்வது ஒரு வழி, உயர்த்திச் சொல்வது இன்னொன்று, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது கடைசி வழி. உண்மை கடைசியில் வருவதைக் கவனிக்க வேண்டும்.

அவள் வேலை இதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. தலைவி தானாக எதையும் சொல்வதில்லை என்பதால் தோழிதான் கண்டுபிடிக்க வேண்டும். மதியுடம்படுதல் என்கிற இந்தத் துறை பாதி துப்பறியும் கதை. தினைப்புனத்தில் இரண்டு பெண்கள் கிளி ஓட்டிக்கொண்டிருக்க, ஒருவன் வந்து நிற்பான். அம்பு பட்ட யானையோ மானோ இந்தப் பக்கம் போயிற்றா என்பான். கையில் வேட்டைக்காரனுக்குரிய பரபரப்பு இருக்காது, கண் வேறெங்கோ இருக்கும். கேள்வி பொய் என்று தோழிக்குத் தெரியும், தனக்காகக் கேட்கவில்லை என்றும் தெரியும். அவன் பார்க்கும் திசையில் பார்ப்பாள், தலைவி தலைகுனிந்திருப்பாள். முடிந்தது. பேருந்து நிறுத்தத்தில் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே மணி என்ன என்று கேட்டவர்களை நம் காலத்துத் தோழிகளும் இப்படித்தான் பிடித்திருக்கிறார்கள்.

பிறகு பேரம். களவு நீளக் கூடாது, அவன் பெண் கேட்டு வர வேண்டும். இதை அவனிடம் நேரே சொன்னால் தலைவியின் மதிப்புக் குறையும். ஆகவே தோழி வேறு எதையாவது பேசுவாள். இரவில் வராதே, வழியில் புலி உண்டு, காட்டாற்றில் முதலை உண்டு என்பாள். பகலில் வராதே, ஊர் அலர் தூற்றுகிறது என்பாள். அவன் வந்திருப்பது தெரிந்தே தெரியாததுபோல் தலைவியிடம் அவனைப் பழிப்பாள், வேலிக்கு அப்பால் அவன் கேட்கட்டும் என்று.

நற்றிணையின் 172ஆம் பாட்டு இந்தத் திறத்தின் உச்சம். பகலில் சந்திக்க வந்த தலைவனிடம் தோழி ஒரு புன்னை மரத்தைக் காட்டுகிறாள். சின்ன வயதில் மணலில் புன்னைக்கொட்டையைப் புதைத்து விளையாடி மறந்துபோனார்கள், அது முளைத்தது, நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்தார்கள். உங்களைவிட நல்ல பெண், உங்கள் தங்கை இவள் என்று அன்னை அந்த மரத்தைப் புகழ்ந்தாளாம். தங்கைக்கு எதிரே உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது, நிழல் தரும் மரம் வேறு எத்தனையோ உண்டு என்கிறாள் தோழி. இங்கே வராதே என்பது மேற்பொருள். வெறும் மரத்துக்கே இவ்வளவு நாணுகிறவளை எத்தனை நாள் மறைவில் சந்திப்பாய், மணந்துகொள் என்பது உட்பொருள். இந்தப் பேச்சைத் தலைவி பேசியிருந்தால் பாட்டு கெட்டிருக்கும். தன் நாணத்தைத் தானே சாட்சி வைக்க முடியாது.

மணம் முடிந்த பிறகும் தோழிக்கு ஓய்வில்லை. தலைவன் பரத்தையிடம் போய்த் திரும்பி, முதலில் பாணனை அனுப்பிச் சமாதானம் பேசவைத்து, பின்னர்த் தானும் வாசலில் வந்து நிற்பான். உள்ளே விடுவதா வேண்டாமா? வாயில் நேர்தல், வாயில் மறுத்தல் இரண்டும் தோழி கையில். வீட்டு வாசல் யாருடைய அதிகாரத்தில் இருக்கிறது என்று கேட்டால் சங்கப் பாடல் தரும் பதில் நமக்கு வியப்பாகவே இருக்கும்.

இவ்வளவு அதிகாரம் அவளுக்கு எங்கிருந்து வந்தது? தலைவியின் வாயடைப்பிலிருந்து வந்தது என்பதே என் துணிபு. தன் வேட்கையைத் தலைவனிடம் நேரே எடுத்துச் சொல்வது தலைவிக்கு மரபு இல்லை. ஒருத்திக்கு நாணத்தைக் கட்டாயமாக்கிவிட்டு, அந்த நாணத்துக்கு வெளியே நடக்க வேண்டிய காரியங்களை எல்லாம் இன்னொருத்தி தலையில் வைத்தது மரபு. பொய் சொல்ல, மிரட்ட, பேரம் பேச, திட்ட, இடித்துரைக்கத் தோழிக்கு உரிமை உண்டு. தலைவி இழந்த சொற்களின் கிடங்கு அவள்.

மற்ற நாடகங்களிலும் இந்த ஆள் உண்டு. 1677இல் ரசீன் எழுதிய 'ஃபேத்ர்' என்னும் பிரெஞ்சுத் துன்பியலில் ஏனோன் என்கிற செவிலி, அரசியின் வாயிலிருந்து தகாத காதலைப் பிடுங்கி எடுக்கிறாள், அவளுக்காகப் பொய்யும் சொல்கிறாள். அந்தப் பொய்யே அழிவுக்கு வழியாகிறது. அரசி அவளை விரட்ட, ஏனோன் கடலில் விழுந்து சாகிறாள். அங்கே துணைவியின் பொய் குற்றம், இங்கே அது கலை. காளிதாசனின் சகுந்தலைக்கு இரண்டு தோழியர், அனசூயையும் பிரியம்வதையும். துருவாசர் இட்ட சாபம் அந்த இருவருக்கும்தான் தெரியும். சகுந்தலை மனம் தாங்கமாட்டாள் என்று அவளிடம் மறைக்கிறார்கள். அரசன் அடையாளம் காணாவிட்டால் மோதிரத்தைக் காட்டு என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். நாலாம் அங்கத்தில் சகுந்தலை புறப்படும்போது இவர்களும் உடன் வரட்டுமே என்கிறாள். கண்வர் மறுக்கிறார். இவர்களும் மணம் செய்துகொடுக்கப்பட வேண்டியவர்கள், அங்கே வருவது முறையன்று என்கிறார். ஐந்தாம் அங்கத்தில் அரசவையில் சகுந்தலை அவமானப்படும்போது, உண்மை தெரிந்த இருவரும் ஆசிரமத்தில் இருக்கிறார்கள். கதையின் முடிச்சே தோழியர் உடன் வராததில் விழுகிறது.

கண்வரின் அந்தப் பேச்சில் இன்னொன்றும் இருக்கிறது. தோழிக்கும் ஒரு திருமணம் உண்டு என்பதை யாரோ ஒருவர் நினைத்துப் பார்க்கிறார். நம் இலக்கணம் அதைத் தொடவே இல்லை. செவிலி மகளின் தலைவன் யார், அவளுக்கு யார் தூது போனார்கள் என்று கேட்க அகத்திணையில் இடமில்லை.

காப்பியத்துக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. பெயர் சொல்லக் கூடாது என்ற விதி அங்கே கிடையாது. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் பார்ப்பனத் தோழி தேவந்தி. அவளுக்குப் பெயர் இருக்கிறது, தன்னைப் பிரிந்துபோன கணவனின் கதையும் இருக்கிறது. அவன் பாசண்டச் சாத்தன் என்னும் தெய்வம். புகாரில் சோமகுண்டம், சூரியகுண்டம் ஆகிய துறைகளில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழுதால் பிரிந்த கணவனைக் கூடலாம் என்று கண்ணகிக்கு வழி சொல்கிறாள். தோழி சொன்னால் தலைவி கேட்பாள் என்பது பழைய ஏற்பாடு. கண்ணகி, அது தனக்குப் பெருமை அன்று என்று ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள். பின்னால் அரசவையில் நியாயம் கேட்கப் போகிறவள், தனக்காகப் பேச ஆள் தேவையில்லாதவள் என்பதை இளங்கோ முதலில் காட்டும் இடம் அது. வாய் திறக்கும் தலைவி வந்ததும் தோழியின் வேலை போகத் தொடங்குகிறது. ஆனாலும் இளங்கோ தேவந்தியைக் கைவிடவில்லை. வஞ்சிக் காண்டத்தில் அவள் சேரநாடு வந்து புலம்புகிறாள், கண்ணகி கோட்டத்துக்குப் பூசை செய்யும் பொறுப்பு அவளிடம் வருகிறது. தோழி தலைவியைத் தெய்வமாக வணங்கும் நிலைக்கு வந்துவிட்ட பிறகு உசாவுவது எப்படி?

பக்திக் காலம் அவளை இன்னொரு விதத்தில் மீட்டது. நம்மாழ்வார் திருவாய்மொழியில் ஆழ்வார் பெண்ணாகிப் பேசும் பதிகங்கள் 27. மகள் பேச்சு 17, தாய் பேச்சு 7, தோழி பேச்சு 3. எண்ணிக்கையில் அவள்தான் கடைசி. ஆனால் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் தம் ஆசார்ய ஹிருதயத்தில் இந்த மூவருக்கும் தரும் விளக்கம் என்னைப் பல நாள் யோசிக்கவைத்தது. மூவரும் ஆழ்வாரின் மூன்று மனநிலைகள் என்கிறார் அவர். வழி இதுவே என்று துணிந்திருக்கும் நிலை தாய். காத்திருக்க முடியாத பதற்றம் மகள். ஆழ்வாருக்கும் இறைவனுக்கும் உள்ள உறவை உணர்ந்த நிலை தோழி. சங்கத் தோழி செய்த எல்லா வேலைக்கும் அடியில் இருந்தது இந்த உணர்த்திதான். காதலர் தங்களையே அறியாத நேரத்தில் அவர்களுக்குள் இருக்கும் பிணைப்பை அவள் அறிந்திருந்தாள்.

அதன்பின் அவள் வேலைகள் ஒவ்வொன்றாகப் பிறர் கைக்குப் போயின. திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி தன் காதலைச் சொல்லிச் சகியைத் தூதனுப்பும் இடம் உண்டு. ஆனால் பார்க்கிறவர்கள் காத்திருப்பது குறத்தி சிங்கியின் வருகைக்கு. நாட்டு வளம் பாடுவதும், கை பார்த்து நெஞ்சில் இருப்பதைச் சொல்வதும், நீ நினைத்தவன் இன்னான் என்று உடைப்பதும் அவள். தோழியின் துப்பறியும் அறிவு குறத்தியின் குறியாகிவிட்டது. சங்கப் பாட்டிலும் கட்டு வைத்துக் குறி பார்க்கும் அகவன்மகள் வருவாள், தோழி அவளை மடக்கித் தன் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்வாள். குறவஞ்சியில் மேடை அகவன்மகளுக்கே சொந்தம்.

பிற்கால மேடையான ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை. ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து, அன்றிரவு முதல்முறையாகக்கூடச் சந்தித்து, விடியும்வரை சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தை நடத்திவிடுவார்கள். அச்சுப் பாத்திரம் என்பதன் பலம் அது. ஆளுக்கு ஆள் அவரவர் பார்ட் தெரியும், அது போதும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என்று நோட்டீசில் பேர் வாங்கும் அந்த வரிசையில் தோழிக்கென்று ஒரு பார்ட் இல்லை. சிரிப்பும் சாமர்த்தியமும் பபூனுக்குப் போய்விட்டன.

சினிமா அங்கிருந்துதான் தொடங்கியது. கதாநாயகனுக்கு ஒரு காமெடி நண்பன், அவனுக்கு ஜோடியாகக் கதாநாயகிக்கு ஒரு தோழி என்பது பல காலம் கணக்காக இருந்தது. இங்கே ஒரு தலைகீழ் மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். சங்கப் பாடலில் பாங்கன் சின்ன ஆள். ஒரு பெண்ணுக்காக இப்படி உருகலாமா என்று தலைவனைக் கழறுவான், தலைவன் பதில் சொல்வான், அத்தோடு சரி. தோழிக்கு முன் அவனுக்குப் பாட்டு மிகக் குறைவு. திரையில் பாங்கன் பெருகினான். நாகேஷ், கவுண்டமணி, விவேக், சந்தானம் என்று தலைமுறைக்குத் தலைமுறை அவனுக்கு ஒரு முகம். கழறுதல் என்ற ஒரே வேலையை வைத்துக்கொண்டு அவன் தனிச் சந்தையே பிடித்தான். தோழி அவனுக்கு அடி வாங்கும் ஜோடியானாள், அல்லது பெயரே இல்லாத துணையானாள். மனோரமா போன்ற பேராற்றல்கூடப் பெரும்பாலும் அந்த ஜோடி என்கிற சட்டத்துக்குள்தான் நின்று அதை உடைக்க வேண்டியிருந்தது.

ஏன் இப்படி? ஒரு காரணம் நல்லது. திரையின் நாயகி தானே பேசுகிறாள். கனவுப் பாட்டில் அவளே போய் வெளிநாட்டு மலையில் ஆடிவிட்டு வருகிறாள். 'மௌன ராகம்' (1986) படத்தின் திவ்யா, தான் முன்பு காதலித்தவனைப் பற்றிக் கணவனிடமே சொல்லிவிடுகிறாள். சங்க மரபில் அதைச் சொல்ல எத்தனை பேர் வழியாகச் சுற்றி வர வேண்டியிருந்திருக்கும்! இன்னொரு காரணம் அவ்வளவு நல்லதல்ல. நாயகி பேசட்டும் என்று விட்ட படங்கள், இரண்டு பெண்கள் தங்களுக்குள் உசாவும் இடத்தை மட்டும் எடுத்துவிட்டன. விதிவிலக்குகள் உண்டு. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) படத்தில் கவிதாவின் தோழியாக வந்த ஜெயலட்சுமி அடிக்கடி சொல்லும் ஃபடாபட் என்ற சொல், நடிகையின் பெயருக்கே முன்னொட்டாகிவிட்டது. '36 வயதினிலே' (2015) படத்தில் சமையலறையில் முடங்கிக்கிடக்கும் வசந்தியைப் பழைய கல்லூரித் தோழி சூசன் வந்து உசுப்புகிறாள். இடித்துரைக்கும் தோழி அவள், சங்கத்துக்காரி. 'மகளிர் மட்டும்' (2017) படத்தில் பிரிந்துபோன மூன்று தோழியரை ஒன்றுசேர்க்கிறவள் அவர்களில் ஒருத்திக்கு மருமகளாக வரப்போகிறவள். மாமியாருக்கு மருமகள் உசாத்துணை ஆகலாம் என்று தொல்காப்பியர் நினைத்திருக்க மாட்டார்.

ஆனால் தோழியின் ஆகப் பெரிய வேலை ஒன்று முழுதாகக் கைமாறியது. உடன்போக்கு. பெற்றோர் இசையாதபோது தலைவியை ஊரறியாமல் தலைவனோடு அனுப்பிவைப்பது தோழியின் முடிவு. நாளும் நேரமும் குறிப்பவள் அவள். இவள் கூந்தல் நரைத்த பின்னும் கைவிடாதே என்று சொல்லித் தலைவியை அவன் கையில் ஒப்படைப்பவள் அவள். அவர்கள் போன பிறகு, ஊர் விழிக்கும் நேரத்தில் அந்த வீட்டில் நின்று பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான். செவிலி சுரத்தில் தேடிப் போகிறாள், நற்றாய் அழுகிறாள், பந்தும் பாவையும் கிடக்கின்றன. நடுவில் அவள் நிற்கிறாள்.

நம் படங்களில் ஓட்டத்தை நடத்துகிறவர்கள் நாயகனின் நண்பர்கள். சமுத்திரக்கனியின் 'நாடோடிகள்' (2009) முழுக்க இந்த ஒரு வேலையைப் பற்றிய படம். நண்பனின் காதலைச் சேர்த்துவைக்கப் போய் ஒருவன் காலை இழக்கிறான், ஒருவனுக்குக் காது போகிறது. சேர்த்துவைக்கப்பட்ட இருவரும் சில நாளில் பிரிந்துபோகிறார்கள், இவர்கள் கோபத்தோடு தேடிப் போகிறார்கள். பாங்கன் தோழியின் வேலையைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. துணிச்சல் இருக்கிறது, தியாகம் இருக்கிறது. இவர்களுக்குள் உள்ளது உண்மையில் காதல்தானா, தாங்குமா என்று முன்கூட்டியே கண் பார்த்துக் கணித்த ஆள் இல்லை.

கபிலரின் குறுந்தொகைப் பாட்டு ஒன்றில் தலைவி, அவன் என்னைக் கொண்ட நாளில் சாட்சி என்று யாரும் இல்லை, ஓடும் நீரில் மீன் பார்த்து நின்ற குருகு மட்டும்தான் இருந்தது என்று கலங்குகிறாள். அவள் அதைச் சொல்வது தோழியிடம். சொன்ன அந்தக் கணத்திலேயே அவளுக்கு ஒரு சாட்சி கிடைத்துவிடுகிறது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் மூன்று சாட்சிகளைக் கேட்கிறது. தமிழ்ப் படங்களில் வரும் பதிவு அலுவலகக் காட்சிகளை நினைவுபடுத்திப் பாருங்கள். வெளியே ஒரு வண்டி இன்ஜின் அணையாமல் நிற்கும். பெண் ஒரு துணிப்பையோடு மூச்சிரைக்க வந்து சேர்வாள். உள்ளே மேசைமேல் பதிவேடு விரிந்திருக்கும். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லாரும் அவன் நண்பர்கள்.